சென்னையிலிருந்து தமிழ்க் கிறிஸ்தவ வானொலி: சொந்த எஃப்.எம்மா, புத்தளம் மீடியம் வேவா, நெட்டா?

மணலி மைக்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் டிரஸ்டில் வாரத்துக்கு ஐந்து தமிழ் நிகழ்ச்சிகள் தயாராகின்றன. ஒவ்வொன்றும் 15 நிமிடம். பேச்சு, பாட்டு, கடைசியில் ஜெபம். இப்போதைக்கு யூடியூபில் மட்டும் போகிறது. கேட்க வேண்டியவர்கள் பழவேற்காட்டிலிருந்து கல்பாக்கம் தாண்டி வரை கடற்கரைக் குப்பங்கள், அப்புறம் நகரத்துக்குள் வேலைக்குப் போய்வரும் ஜனங்கள். கமிட்டியில் மூன்று யோசனை ஓடுகிறது: சொந்த எஃப்.எம்., இலங்கையின் புத்தளத்திலிருந்து வரும் 882 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவில் நேரம், 24 மணி நேர நெட் ரேடியோ. எது ஆகும், எது ஆகாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபைல்கட்டு
பிரதர், முதல் யோசனையை இன்றைக்கே மூடி வைத்துவிடுங்கள். தனியார் எஃப்.எம். ஏலம் 2005-ன் இரண்டாம் கட்டமானாலும் 2011-ன் மூன்றாம் கட்டமானாலும் விதி ஒன்றுதான்: மத அமைப்புக்கும் மத அமைப்பின் பிடியில் இருக்கும் கம்பெனிக்கும் தகுதி கிடையாது. கோயில், மசூதி, சர்ச் எல்லாருக்கும் இதே கதவுதான். மீடியம் வேவ், சிற்றலை இரண்டும் ஆகாசவாணியின் கையில். தனியாருக்குத் திறக்கவே இல்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்கொண்டு வருவார்கள். பொதுச்சொத்து என்றால் ஆளுக்கொரு டிரான்ஸ்மிட்டர் என்று அர்த்தமில்லை.

கொளத்தூர் கேட்பாளன்
சமுதாய வானொலி இருக்கே? அண்ணா பல்கலைக்கழகம் 90.4-ல் 2004-லிருந்தே நடத்துகிறது. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுக்கிறார்கள். டிரஸ்ட் பெயரில் போட்டுவிட்டால்?

ஃபைல்கட்டு
போடலாம், ஆனால் கிடைப்பது அவர் கேட்கும் வானொலி இல்லை. 2006 வழிகாட்டியின்படி அமைப்பு லாபநோக்கு இல்லாததாக, குறைந்தது மூன்று வருடம் அந்த வட்டாரத்தில் சேவை செய்ததாக இருக்க வேண்டும். நிகழ்ச்சியில் பாதிக்குக் குறையாமல் அங்கேயே தயாராக வேண்டும். மத நிகழ்ச்சி அடியோடு கூடாது என்று எழுதவில்லை. ஆனால் மத உணர்வைச் சுரண்டுவதாகவோ அடுத்தவர் நம்பிக்கையைப் புண்படுத்துவதாகவோ இருக்கக்கூடாது என்ற ஷரத்து கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்று சமுதாய வானொலி நடத்தலாம்: மீன் விலை, டெங்கு, பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பது. காலை முதல் இரவு வரை பிரசங்கம் என்றால் அடுத்த புதுப்பித்தலில் நின்றுவிடும்.

வீச்சையும் பாருங்கள். வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 5 முதல் 10 கிலோமீட்டர். எண்ணூரில் வைத்தால் எண்ணூருக்குத்தான். பழவேற்காட்டிலிருந்து கல்பாக்கம் வரை நூறு கிலோமீட்டர் நீளும் கடற்கரையை இதை வைத்து மூட முடியாது.

சாலிடர் பெரம்பூர்
யாராவது “ஆன்லைனில் 15 வாட் செட் கிடைக்குதே, சர்ச் மாடியில் வைத்தால் தெருவுக்கு மட்டும் கேட்கும்” என்று கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். எஃப்.எம். பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதே 108-ல் விமானங்களின் வழிகாட்டிப் பட்டை ஆரம்பம். மலிவு செட்டின் கடைசி நிலையில் ஃபில்டர் சரியாக இருக்காது. பக்கத்துக் கோபுரங்களின் சிக்னல் உங்கள் ஆன்டெனா வழியாகவே உள்ளே வந்து கலக்கும். சென்னையில் 106.4-ம் 98.3-ம் ஓடுகிறதா? 106.4-ஐ இரட்டித்து 98.3-ஐக் கழித்தால் 114.5. அது நேராக விமான வழிகாட்டிப் பட்டைக்குள் விழுகிறது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானி இரைச்சல் என்று புகார் கொடுத்தால், கண்காணிப்பு வண்டி உங்கள் மாடிக்கு வந்து நிற்க நெடுநேரம் ஆகாது.

அலைதேடி பெசன்ட்நகர்
சரி, வெளிநாட்டு மீடியம் வேவுக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவ ஒலிபரப்பு எல்லாம் ஏன் வெளியிலிருந்தே வந்தது என்பதற்கு மேலே ஃபைல்கட்டு சொன்னதுதான் காரணம். உள்ளே இடமில்லை, ஸ்டுடியோ இங்கே, டிரான்ஸ்மிட்டர் கடல் தாண்டி. ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி 1970-லிருந்து செஷல்ஸ் தீவில் இருந்து வீசியது, 2003-ல் மூடியது. கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸ் ஆசியா 1969-ல் மணிலாவில் ஆரம்பித்து, 2018 ஜூன் 30-ஓடு சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குப் போனது. அட்வென்டிஸ்ட் வானொலிக்கு குவாம் தீவு. வத்திக்கான் 1931-ல் மார்க்கோனியே கட்டிக்கொடுத்த நிலையத்தோடு ஆரம்பித்தது. டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவுக்குப் புத்தளம்: 882 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோவாட்.

இவற்றில் சில மூடியதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, கரண்ட் பில். 400 கிலோவாட் செட்டின் திறன் நூற்றுக்கு 75 என்று வைத்தால், மாடுலேஷன் இல்லாத, அதாவது ஒலி ஏறாத, வெறும் கேரியர் அலைக்கே மணிக்கு 530 யூனிட் இழுக்கும். பேச்சு ஏறினால் அதற்கு மேல். கேட்பவர் இருபது பேர் ஆனாலும் இருபது லட்சம் ஆனாலும் பில் அதேதான். நெட்டில் இது தலைகீழ்.

கொளத்தூர் கேட்பாளன்
பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸை இறக்கினார்களே, அந்த வேரித்தாஸ்தானே?

அலைதேடி பெசன்ட்நகர்
பெயர் ஒன்று, குடும்பம் ஒன்று, அலை வேறு. 1986 பிப்ரவரியில் மக்களைத் தெருவுக்கு அழைத்தது மணிலாவின் உள்நாட்டு மீடியம் வேவ் நிலையம். அதற்குத்தான் மகசேசே விருது. தமிழ் வந்தது வெளிநாட்டுச் சேவையின் சிற்றலையில்.

882-க்கு வருகிறேன். மணலி பிரதர், உங்கள் கடற்கரைக்கு இதைவிடத் தோதான அலை கிடையாது, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புத்தளத்திலிருந்து சென்னைக்குக் கோடு போட்டால் ஏறக்குறைய 560 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர் வடக்கு. மன்னாரை உரசி, பாக் நீரிணை தாண்டி, கோடியக்கரைக்குக் கிழக்கே கடலிலேயே ஏறி வருகிறது. மீடியம் வேவில் தரையை ஒட்டி வரும் தரையலைக்கு உப்புத்தண்ணீர் ராஜபாட்டை. செம்மண், பாறை எல்லாம் மேடுபள்ளம். அதனால்தான் அதே தூரத்தில் உள்நாட்டு ஊரில் தேய்ந்துபோவது கடற்கரையில் தெளிவாக இருக்கும். இருட்டிய பிறகு மேல்வானில் பட்டு வானலையும் திரும்பி இறங்கும். அப்போது தரையலையும் வானலையும் ஒன்றோடொன்று மோதி, குரல் ஒரு நிமிடம் கரகரத்துத் திரும்பி வரும். ரேடியோ பழுது என்று நினைக்க வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில். 882-லேயே இம்பாலில் ஆகாசவாணி 300 கிலோவாட். இரவில் அடியில் ஒரு மணிப்பூரிப் பாட்டு முனகும்.

மணலி மைக்
அதைத் தவிர்க்க வழி இருக்கிறதா ஐயா? குப்பத்தில் இருப்பது சாதாரண இரண்டு பேட்டரி ரேடியோ.

அலைதேடி பெசன்ட்நகர்
அதுவே போதும், திருப்பத் தெரிந்தால். உள்ளே கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சி, விரல் நீளம், அதன்மேல் மெல்லிய கம்பிச் சுற்று. அதுதான் மீடியம் வேவ் ஆன்டெனா. மேலே இழுக்கும் கம்பி எஃப்.எம்முக்கும் சிற்றலைக்கும் மட்டும், அதை எவ்வளவு இழுத்தாலும் 882-க்குப் பயனில்லை. குச்சியின் பக்கவாட்டிலிருந்து வருவதை வாங்கும், முனை காட்டும் திசையில் செவிடு. புத்தளம் தெற்கில். ஆகவே குச்சி கிழக்கு மேற்காகப் படுத்திருந்தால் முழுச் சத்தம். பெரும்பாலான ரேடியோவில் குச்சி மேல் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் இருக்கும், அதாவது ரேடியோவின் முகம் தெற்கையோ வடக்கையோ பார்க்க வேண்டும்.

இம்பால் சென்னைக்கு வடகிழக்கில், ஏறத்தாழ 46 டிகிரி. குச்சியின் முனையை அந்தப் பக்கம் காட்டுங்கள், இம்பால் அமுங்கும். புத்தளத்துக்கு இதனால் நஷ்டம் 3 டெசிபல் (டிபி) சொச்சம்தான், காதுக்குத் தெரியாது. மேசைமேல் வைத்து மெதுவாகத் திருப்பினால் முனகல் மறையும் இடம் கைக்குத் தெரியும். பத்து டிகிரி தவறினாலும் திரும்பி வந்துவிடும், அவ்வளவு கூர்மை.

இன்னும் வேண்டுமென்றால் ஒரு சுற்று ஆன்டெனா. 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர மரச்சட்டம், அதில் 12 சுற்று, சுற்றுக்கு இடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி. 29 மீட்டர் ஒயர் ஆகும். ஏறத்தாழ 200 மைக்ரோஹென்றி வரும். 882-க்கு 165 பிகோஃபாரட் வேண்டும். ரிச்சி தெருவில் பழைய ரேடியோ கேங் கண்டென்சர் (திருகி நிலையம் பிடிக்கும் பாகம்) கிடைத்தால் அதன் நடுப்பகுதியில் டியூன் ஆகும். ரேடியோவோடு ஒயர் இணைப்பு எதுவும் வேண்டாம், சட்டத்துக்குள் வைத்தால் போதும். ரேடியோவின் குச்சி சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சட்டம் வடக்கு தெற்காக நிற்கும், குச்சி கிழக்கு மேற்காகப் படுக்கும்.

சாலிடர் பெரம்பூர்
நகரத்துக்குள் வருபவர்களுக்கு இம்பால் பிரச்சினையே வராது, எல்.இ.டி பல்பு முந்திக்கொள்ளும். சோதனை இதுதான்: பேட்டரியில் ஓடும் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். இரைச்சல் செத்தால் திருடன் வீட்டுக்குள். மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். செட்டாப் பாக்ஸ் அடாப்டர், மலிவு செல்போன் சார்ஜர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், வரிசை அநேகமாக இதுதான். அடாப்டர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றினால் பாதி குறையும். மெயினை இறக்கியும் இரைச்சல் இருந்தால் பக்கத்து வீடு அல்லது கம்பம். கடலோரத்தில் இன்சுலேட்டர்மேல் உப்பு படிந்து, பனி விழும் விடியலில் சிறுபொறி ஓடும். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் இரண்டு வாரம் அமைதி.

கோடம்பாக்கம் கன்சோல்
கேட்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், அனுப்புவது? யூடியூபுக்குப் போட்ட அதே மிக்ஸை மீடியம் வேவுக்கு அனுப்பினால் பாட்டுக் கேட்காது, முனகல்தான் கேட்கும். நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் ஒலிக்குக் கிடைப்பது 4.5 கிலோஹெர்ட்ஸ் அளவுதான். அதற்கு மேலுள்ளது எல்லாம் வீண். அதனால்:

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பாஸ் கிதாரின் அடி அங்கே போனால் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைத் தின்னும், சின்ன ஸ்பீக்கரில் கேட்கவும் கேட்காது. 4.5-க்கு மேல் செங்குத்தாக வெட்டுங்கள். 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டிபி ஏற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்: ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது அந்தப் பகுதியில்தான். அது மங்கினால் “வழி” “வலி” ஆகிவிடும், பிரசங்கத்தில் அர்த்தமே புரண்டுவிடும்.

அடுத்தது மோனோ, அதாவது இடது வலது ஒலியை ஒன்றாகக் கூட்டுவது. இங்கேதான் எல்லோரும் விழுவார்கள். கோரஸ் குரல்களை அகலப்படுத்த ஸ்டீரியோ வைடனர் போட்டிருப்பார்கள். அதில் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் இருக்கும். மோனோவாகக் கூட்டினால் கோரஸ் ஒன்றையொன்று தின்றுவிட்டு, தனிக்குரலும் தபேலாவும் மட்டும் நிற்கும். பாட்டு எழுதியவருக்கு நெஞ்சு வெடிக்கும். அனுப்பும் முன் மோனோ பொத்தானை அழுத்தி, அதுவும் செல்போன் ஸ்பீக்கரில், கேட்டே ஆக வேண்டும். கீபோர்டு பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி) சத்தத்தைப் பேச்சின் அடியில் வைக்கும் பழக்கம் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளில் தீராத வியாதி. யூடியூபில் உருக்கமாக இருக்கும். மீடியம் வேவில் அலை மங்கும்போது பேட் மட்டும் மிஞ்சி, பேச்சு மூழ்கும். ஜெபத்துக்கு மௌனமே பின்னணி. அதுவும் இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம், அடுத்த நிலையம் உள்ளே நுழைந்துவிடும்.

கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) 4-க்கு 1 அளவில், பிறகு லிமிட்டர். அதற்கு மேல் நசுக்கும் வேலை நிலையத்து புராசசருடையது. ஏற்கெனவே கூழாக்கி அனுப்பினால் அங்கே மறுபடி கூழாகும்.

மணலி மைக்
கோப்பின் அளவு, நீளம்?

கோடம்பாக்கம் கன்சோல்
15 நிமிடம் என்பது ஸ்லாட், நிகழ்ச்சி அல்ல. நிலைய அறிவிப்புக்கு இடம் விட்டு 14 நிமிடம் 30 நொடி சுற்றி முடிப்பது வழக்கம். சரியான நொடியை அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள். மீறினால் கம்ப்யூட்டர் கத்தரித்துவிடும். கத்தரி விழுவது எப்போதும் கடைசியில், அதாவது உங்கள் போன் நம்பர் சொல்லும் இடத்தில். ஆகவே நம்பரை நடுவிலும் ஒரு முறை சொல்லுங்கள். மோனோ வேவ் (WAV) கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸில் 15 நிமிடத்துக்கு 80 எம்.பி. கிட்ட வரும். எம்.பி.3-ஐ எம்.பி.3-ஆக மறுபடி மாற்றாதீர்கள். மூலம் எப்போதும் வேவ் ஆக இருக்கட்டும். கோப்புப் பெயரில் ஒலிபரப்புத் தேதி இருக்கட்டும், பதிவு தேதி வேண்டாம். கிறிஸ்துமஸ் செய்தி ஜனவரியில் ஓடுவது இந்த ஒரு குழப்பத்தால்தான்.

அலைதேடி பெசன்ட்நகர்
நேரம் பற்றி ஒரு வரி. அட்டவணை உலக நேரத்தில் வரும். இரவு 7.15 என்றால் 13.45. இலங்கையும் 2006 ஏப்ரலிலிருந்து நம் நேரத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் அரை மணி முன்னே ஓடிய காலத்து அட்டவணைகள் இன்னும் சுற்றுகின்றன, நம்பாதீர்கள். சிற்றலையில் நேரம் வாங்கினால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசை மாறும். இரண்டு வாரம் முன்பிருந்தே நிகழ்ச்சியில் சொல்லத் தொடங்காவிட்டால் கேட்பவர் கூட்டம் பாதி கழன்றுவிடும். மீடியம் வேவில் அந்தத் தொல்லை இல்லை.

பூந்தமல்லி சர்வர்
நெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. கணக்கு எளிது. 64 கேபிபிஎஸ் ஓடையை (ஸ்ட்ரீம்) 100 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 6.4 எம்பிபிஎஸ். நாள் முழுக்க ஓடினால் 69 ஜி.பி., மாதத்துக்கு 2 டெராபைட் தாண்டும். வாடகை சர்வர் எடுக்கும்போது பார்க்க வேண்டியது இந்த டேட்டா வரம்பைத்தான். பிராசசர் சின்னதாக இருந்தாலும் போதும். கேட்பவர் பக்கம் 64-ல் மணிக்கு 29 எம்.பி. போகும். ஹெச்.இ. ஏஏசி என்ற சுருக்க முறையில் 32-ல் வைத்தால் 14.4, காதுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஓடையை அனுப்பும் மென்பொருளான ஐஸ்காஸ்ட் நிறுவியதும் எல்லோரும் செய்யும் தவறு, 8000 போர்ட்டிலேயே விட்டுவிடுவது. வெப்சைட் பாதுகாப்பான முகவரியில், ஓடை சாதா முகவரியில் என்றால் ப்ரவுசர் வாயை மூடிக்கொண்டு தடுத்துவிடும். ஹாஸ்டல், ஆஃபீஸ் வைஃபையிலும் 8000 அடைபட்டிருக்கும். பாதுகாப்பான முகவரிக்கான 443 போர்ட் வழியாகத் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்டுடியோவிலிருந்து சர்வருக்குப் போகும் லைன். அக்டோபர் மழை ஆரம்பித்ததும் ஃபைபர் அறும். ஃபால்பேக் மவுண்ட் (மாற்று ஓடை) ஒன்று வைத்து, சர்வரிலேயே ஆறு மணி நேரப் பாட்டும் பழைய நிகழ்ச்சியும் ஏற்றிவிடுங்கள். லைன் அறுந்த நொடியில் அது எடுத்துக்கொள்ளும், திரும்பி வந்ததும் தானே விலகும். இன்னும் நல்லது, நிகழ்ச்சி வரிசையையே சர்வரில் ஓட்டுவது. நேரலை இல்லாத ஸ்டுடியோவுக்கு 24 மணி நேர லைன் எதற்கு?

ஃபைல்கட்டு
சர்வர் அண்ணன் பாட்டு என்றதும் ஞாபகம் வந்தது. வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் காலமானார். அவர் கீர்த்தனை வரிகளுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது, எழுதியவர் இறந்து 60 வருடம் என்பது நம் சட்டக் கணக்கு. ஆனால் அதே கீர்த்தனையை போன வருடம் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு முழுக்க அவர் சொத்து. ஒலிப்பதிவுக்குத் தனியாக, வெளியான வருடத்திலிருந்து 60. “பழைய பாட்டுத்தானே” என்று இறக்கி ஓட்டினால் ஓடையே முடக்கப்படும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில் வானொலிக்கு இருக்கும் சட்டப்பூர்வ உரிமம் நெட்டுக்கும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அது இணைய ஓடைக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பாடகரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் வானொலி, இணையம், வெளிநாட்டு ஒலிபரப்பு மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கட்டும்.

பணம்: புத்தளத்துக்கு நேரக் கட்டணம் என்றால் வெளிநாட்டுக்குப் போகும் பணம், வருமான வரித் துறைக்கான படிவம் இல்லாமல் வங்கி அனுப்பாது. வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். மற்றதை ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

மணலி மைக்
அப்படியானால் எஃப்.எம். போயிற்று. குப்பங்களுக்கு 882, நகரத்துக்கு நெட் என்று இரண்டும் வைத்துக்கொள்ளலாமா? ஒரே கோப்பை இரண்டுக்கும் அனுப்ப முடியாது என்று புரிகிறது.

கோடம்பாக்கம் கன்சோல்
ஒரே பதிவு, இரண்டு மிக்ஸ். பேச்சு ஒரு டிராக், பாட்டு ஒரு டிராக், பேட் ஒரு டிராக் என்று தனித்தனியாக வைத்தால் மீடியம் வேவ் மிக்ஸுக்குக் கூடுதலாக இருபது நிமிடம்தான் ஆகும்.

அலைதேடி பெசன்ட்நகர்
கட்டணம் பேசும் முன் ஒன்று செய்யுங்கள். பழவேற்காடு, காசிமேடு, கோவளம், கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், நாலு இடத்தில் ஆளுக்கொரு சாதா ரேடியோ. இப்போது 882-ல் ஓடும் தமிழ் நிகழ்ச்சி நேரத்தில் இரண்டு வாரம் தினமும் சின்போ எழுதச் சொல்லுங்கள். சிக்னல், குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 3-க்குக் கீழே நாலு நாளுக்கு மேல் விழுந்த இடத்தைத் தனியாகக் குறியுங்கள். அங்கே குறுக்கீடு எண் குறைவா, இரைச்சல் எண் குறைவா என்று பார்த்தால் இம்பாலா, பல்பா தெரிந்துவிடும். வீட்டுக்கு உள்ளேயும் எழுதுங்கள், படகுத் துறையிலும் எழுதுங்கள். எண்கள் வேறாக இருக்கும்.

மணலி மைக்
நாலு ரேடியோ இந்த வாரமே வாங்குகிறோம். குச்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஸ்க்ரூ கழற்றிப் பார்த்து, வெளியே மார்க்கரில் கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.